விளக்கு எரிந்தால் போதுமா?

பொய் பேசாமலே ஒருவரை ஏமாற்ற முடியுமா? முடியும். நானே செய்திருக்கிறேன். ஓர் உண்மையைச் சொல்லித்தான் ஏமாற்றினேன்.

கிள்ளானில் மாமாவின் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்த காலம் அது. வாடிக்கையாளர் ஒருவர் தன் பழைய டொயோட்டா சுப்ராவை விற்றுத் தரச் சொல்லி விட்டுப் போயிருந்தார். 1986-இல் அறிமுகமாகி 1993 வரை தயாரான ரகம். அதில் ‘டெம்ஸ்’ இருந்தது. 1983-இல் சோவாரர் காரில் வந்த ஏற்பாடு, பிறகு சுப்ராவுக்கும் வந்தது.

டெம்ஸ் என்பது மின்சாரத்தால் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் அப்சோர்பர். எந்த அப்சோர்பரிலும் உள்ளே எண்ணெய் இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் போகும். துளை பெரிதானால் சவாரி மெத்தென்று இருக்கும். சிறிதானால் இறுக்கமாக இருக்கும். டெம்ஸில் பிஸ்டன் தண்டின் நடுவே மெல்லிய கம்பி ஒன்று இறங்குகிறது. மேலே உட்கார்ந்திருக்கும் குட்டி மோட்டார் அந்தக் கம்பியைத் திருப்பித் துளையை மாற்றும். காரின் வேகம், ஸ்டீரிங் திரும்பும் அளவு, பிரேக், எண்ணெய் மிதி இவற்றைப் பார்த்துச் சின்னக் கணினி ஒன்று கட்டளை கொடுக்கும். ஓட்டுநருக்கு ‘நார்மல்’, ‘ஸ்போர்ட்’ என்று ஒரு சுவிட்ச், டேஷ்போர்டில் விளக்குகள்.

முக்கியமான விஷயம் இதுதான். கட்டளை போனதை மட்டும்தான் அந்த விளக்கு சொல்லும். உள்ளே கம்பி நிஜமாகவே திரும்பியதா என்று அதற்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்திருந்தது. விற்பனைக்கு முந்தின வாரம் பின்பக்க மோட்டார்களைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு கம்பிகளும் மென்மை நிலையிலேயே துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. செய்தவர்கள் மேல் குறை சொல்ல முடியாது, அத்தனை வருஷம் உழைத்த பொருள். மாமாவிடம் சொன்னேன். “கேட்டா சொல்லு, கேக்கலன்னா விடு” என்றார்.

வாங்க வந்த தம்பி கேட்டான். “அண்ணே, டெம்ஸ் வேலை செய்யுதா?”

“சுவிட்ச அமுக்கிப் பாருங்க தம்பி, லைட்டு எரியுது” என்றேன். அமுக்கினான். எரிந்தது. சிரித்தான். அன்றே முன்பணம் கொடுத்துவிட்டான்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தான். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு குவாந்தானுக்குப் போயிருக்கிறான். காராக் நெடுஞ்சாலையில் மழை. ஒரு வளைவில் காரின் பின்பக்கம் ஆட்டம் கண்டிருக்கிறது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அவன் என்னைத் திட்டவில்லை. “ஸ்போர்ட்ல போட்டும் பின்னால ஆடுதுண்ணே. நான்தான் ஓட்டத் தெரியாம ஏதாச்சும் தப்பு செய்றேனா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவன் காரையும் சந்தேகப்படவில்லை, என்னையும் சந்தேகப்படவில்லை. தன்னையே சந்தேகப்பட்டான். நாம் மறைக்கும் குறை இப்படித்தான் நம்மை நம்பியவர் தலையில் போய் விழுகிறது.

மறுநாள் மாமாவிடம் பேசினேன். செலவில் பாதி அவர், பாதி என் சம்பளத்தில். பிறகு அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். “அன்னிக்கே சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன் அண்ணே. விலையத்தான் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருப்பேன்” என்றான். ஆக, நான் பொய்யால் காப்பாற்றியது வெறும் பேரம்!

வேலை இரண்டு வாரம் இழுத்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, சின்ன இடுக்கியால் மெல்ல மெல்லத் திருப்பியதில் ஒரு கம்பி விட்டுக்கொடுத்தது. மற்றது அசையவில்லை. அப்சோர்பரின் உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கும், வீட்டில் அறுத்துப் பார்க்கும் சாமான் இல்லை. லேத் வேலை தெரிந்த இடத்துக்கு அனுப்பினோம். அவர்கள் பாதுகாப்பாகத் திறந்து, வால்வைச் சுத்தம் செய்து, சீலும் எண்ணெயும் மாற்றி, நைட்ரஜன் ஏற்றி, மறுபடி திறக்க வசதியாக மரை வெட்டி அனுப்பினார்கள். மோட்டார்களில் பழைய கிரீஸ் கல்லாகியிருந்தது. சுத்தம் செய்ததில் ஒன்று பிழைத்தது. இன்னொன்றை ஹாஃப்-கட் கடையில் தேடி வாங்கினோம். மாட்டும்போது கம்பியும் மோட்டாரும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். மாறிப்போனால் இறுக்கம் என்று சொல்லும்போது மென்மையாகிவிடும்.

கடைசியில் சோதனை. நான் பழக்கதோஷத்தில் டேஷ்போர்டை எட்டிப் பார்த்தேன். “டேய், லைட்ட பாக்காத, கம்பிய பாரு!” என்றார் மாமா. மோட்டார் திரும்புவதைக் கண்ணால் பார்த்தோம். பிறகு காரின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிப் பார்த்தோம். ஸ்போர்ட்டில் போட்டதும் கைக்கே வித்தியாசம் தெரிந்தது.

இதைப் படிக்கும் சிலர் கேட்கலாம்: “பழைய கார் வாங்குறவன்தானே பார்த்து வாங்கணும்?” நியாயம்தான். ஆனால் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்த நியாயம் பொருந்தும். அவனால் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க முடியாது. அதனால்தான் என்னைக் கேட்டான். ஒரு விஷயம் நமக்குத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்றால், அந்த இடைவெளியின் அளவுக்கு நம் பொறுப்பும் கூடுகிறது.

“செலவு அதிகம், டெம்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாதா அப்சோர்பர் மாட்டினால் தப்பா?” என்றும் கேட்கலாம். தப்பே இல்லை. பலரும் செய்வதுதான். பின்னாளில் நானும் ஒரு காரில் அப்படி மாட்டினேன். ஆனால் டேஷ்போர்டு விளக்கின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, சுவிட்ச் மேல் ‘வேலை செய்யாது’ என்று எழுதி ஒட்டினேன். இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டால் அது நேர்மை. இல்லாததற்கு விளக்கை மட்டும் எரியவிடுவதுதான் ஏமாற்று.

“லைட்டு எரியுது” என்று நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அவன் மனத்தில் பொய் பதிய வேண்டும் என்று தெரிந்தே அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே உண்மை பேசினேனா என்று பார்க்க, என் வாயில் வந்த வார்த்தை மட்டும் போதாது. கேட்டவர் எதை நம்பி எழுந்து போனார் என்றும் பார்க்க வேண்டும்.

நம் வாழ்க்கையிலும் இப்படி விளக்குகள் உண்டு. கூட்டத்தில் “நான் பார்த்துக்கிறேன்” என்று கை தூக்குகிறோம். வீட்டில் “படிச்சிக்கிட்டுதான் இருக்கேம்மா” என்கிறோம். கட்டளை போய்விட்டது, விளக்கும் எரிகிறது. உள்ளே கம்பி திரும்பியதா?

அந்தத் தம்பி இன்னும் அதே காரைத்தான் ஓட்டுகிறான். சர்வீசுக்கு என்னிடம்தான் வருகிறான். ஒவ்வொரு தடவையும் அவன் கேட்காமலே நான் போனட்டைத் திறந்து, “தம்பி, இங்க வந்து நீங்களே பாருங்க” என்கிறேன்.