நீந்துவன, நடப்பன, பறப்பன



ஜினாலயத்தில் தீர்த்தங்கரர் திருவுருவை வணங்கும் நாம், அதன் பீடத்தையும் சற்றே உற்று நோக்குதல் வேண்டும். புஷ்பதந்தருக்கு முதலை, அரநாதருக்கு மீன், முனிசுவிரதருக்கு ஆமை. ஆதிநாதருக்கு எருது, அஜிதநாதருக்கு யானை, வர்த்தமானருக்குச் சிங்கம். சுமதிநாதருக்குச் சக்கரவாகப் பறவை என இலாஞ்சனங்கள் அமைந்துள்ளன. நீரில் இயங்குவதும் நிலத்தில் இயங்குவதும் வானில் இயங்குவதும் பகவானின் திருவடியில் ஒருங்கே இடம் பெற்றுள்ளன. ஐம்பொறிகளும் பெற்ற விலங்குகதி உயிர்களை ஜலசரம், ஸ்தலசரம், நபசரம் என நம் ஆகமங்கள் மூவகைப்படுத்துவதும் இவ்வியக்கம் பற்றியே ஆகும்.

இவற்றின் இயக்கம் எத்துணை வியப்புக்குரியது! மீன் தன் உடலை இடமும் வலமுமாக வளைத்து, வாலால் நீரைப் பின்தள்ளி முன்செல்கிறது. காலில்லாப் பாம்பு வயிற்றுச் செதில்களால் நிலத்தைப் பற்றி ஊர்கிறது. பறவையோ சிறகால் காற்றைக் கீழ்நோக்கி அழுத்தி மேலெழுகிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பட்டைவால் மூக்கன் என்னும் பறவையின் இளங்குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, பதினொரு நாள்கள் எங்கும் இறங்காமல் பறந்து, ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் கடந்து டாஸ்மேனியாவை அடைந்தது. அது பிறந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அதன் உடலில் பொருத்திய சிறு கருவியின் வாயிலாக அறிவியலார் இதனை அறிந்தனர்.

இவ்வியக்கத்தை நம் தத்துவம் எங்ஙனம் விளக்குகிறது? ஆறு திரவியங்களுள் தர்மம் என்பது இயக்கத்திற்குத் துணையாவது. அதர்மம் என்பது நிலைபெறுதலுக்குத் துணையாவது. மீனுக்கு நீர் போலவும், வழிநடப்போனுக்கு மரநிழல் போலவும் அவை உதவுகின்றன என்று நேமிசந்திரர் தம் திரவிய சங்கிரகத்தில் உவமை காட்டுகிறார். நீர் மீனைத் தள்ளுவதில்லை. நீந்தும் மீனுக்குத் துணை நிற்கிறது. நிழலும் வழிப்போக்கனைப் பிடித்து நிறுத்துவதில்லை; தானே நிற்க விழைந்தவனுக்கு இடம் தருகிறது. இயங்கும் ஆற்றலும் நிற்கும் ஆற்றலும் அவ்வவ்வுயிருக்கே உரியவை. உலகம் முழுதும் பரந்த திரவியமே எவ்வுயிரையும் வலிந்து தள்ளாமலும் தடுக்காமலும் இருக்க, நாம் மட்டும் ஓருயிரைத் தடுத்து நிறுத்த உரிமை பெற்றது எப்போது?

இவ்விடத்தில் நம்மை நாமே வினவிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். புலால் உண்ணாமையும் இரவில் உண்ணாமையும் நம் இல்லங்களில் வழிவழியாக நிலைபெற்றுள்ளன. அதனாலேயே அகிம்சை நம்மிடம் நிறைவுற்றது என்று எண்ணி அமைதியடைகின்றோம். ஆயின், உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அகிம்சை அணுவிரதத்திற்குக் கூறும் அதிசாரங்கள் ஐந்தினுள் கொல்லுதல் இடம்பெறவில்லை. கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பனவே அவை. கொன்றால் விரதமே அழிந்துவிடும். இவற்றைச் செய்தால் கொல்லாமலே விரதம் மாசுறும். இவற்றுள் முதலாவதாகிய கட்டுதலைப் பூஜ்யபாதர், ஓருயிர் தான் விரும்பிய இடத்திற்குச் செல்லவொட்டாது தடுத்தல் என விளக்குகிறார்.

நம் வீட்டுக் கூடத்தில் அழகுக்காகக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கின்றோம். குழந்தை கேட்டதென்று கூண்டில் பறவை வாங்கித் தருகின்றோம். வேளை தவறாமல் உணவிடுகிறோமே, இதில் குற்றம் என்ன என்கின்றோம். பதினொரு நாள்கள் பறக்கவல்ல இனத்திற்கு ஒரு முழம் கூண்டு எதற்கு? அது பறக்காதிருக்கச் சிறகைக் கத்தரிப்பது கட்டுதலோடு அறுத்தலும் ஆகும். உணவிட்டமையால் கட்டியது இல்லையென்று ஆகிவிடாது. கறவை மாட்டைக் கட்டாமல் வளர்த்தல் இல்லறத்தார்க்கு அரிதே. எனினும், படுக்கவும் எழவும் திரும்பவும் இடந்தரும் நீண்ட கயிறும், பகலில் சில நாழிகை மேய்ச்சலும் அளித்தல் நமக்கு அரிதன்று.

உயிர்களின் இயக்கத்தைத் தடுக்க வேண்டாவெனக் கூறிய அறம், நம் இயக்கத்திற்கோ எல்லை வகுத்துள்ளது. கப்பலில் கடலையும், ஊர்தியில் நிலத்தையும், விமானத்தில் வானையும் கடப்பவன் மனிதன் ஒருவனே. அவனுக்கே திக்விரதம் விதிக்கப்பட்டது. பத்துத் திசைகளிலும் இவ்வளவே செல்வேன் என்று வரையறுத்தால், அவ்வெல்லைக்கு அப்பால் அவனால் விளையும் இம்சை ஒழிகிறது. முனிவர் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி அடிவைப்பதும், சிற்றுயிர்கள் பெருகும் மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்குவதும் இதன் உயர்நிலைகள். நாமோ நம் எல்லையை விரித்துக்கொண்டு, பிற உயிர்களின் எல்லையைச் சுருக்குகின்றோம்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், அங்கு வரும் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளியில் வெடி வெடிப்பதில்லை. அவர்கள் நம் சமயத்தவர் அல்லர். தீபாவளியோ நம் மகாவீரர் வீடுபேறுற்ற நாள். அந்நாளை நாம் எங்ஙனம் கொண்டாடுகின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

மண் பூசிய சுரைக்காய் நீரில் அமிழும். மண் கரைந்தவுடன் தானே மேலெழும். வினை நீங்கிய உயிரும் அவ்வாறே தன் இயல்பினால் உலகின் உச்சியை அடையும். மீனுள்ளும் ஆமையுள்ளும் பறவையுள்ளும் உறைவது அத்தகைய உயிரே. வர்த்தமானரின் உயிரும் முற்பிறவியொன்றில் சிங்கமாய் இருந்து, வான்வழி வந்த சாரண முனிவரின் அறவுரை கேட்டே நல்வழிப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆதலின், இல்லந்தோறும் ஒரு கூண்டேனும் ஒழியட்டும். ஒரு கயிறேனும் நீளட்டும். பிற உயிரின் கட்டைத் தளர்த்துவோர்க்கே தம் வினைக்கட்டும் தளரும்.

அறவாழி வெல்க! அனைத்துயிரும் இன்புறுக!