காகிதக் கிரீடமும் கட்டைக் கிரீடமும்

அமெரிக்காவில் ‘மெடீவல் டைம்ஸ்’ என்று ஒரு உணவக வரிசை இருக்கிறது. அங்கே முதல் கோட்டை 1983-ல் ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிம்மியில் திறந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் தலையில் ஒரு காகிதக் கிரீடம் வைப்பார்கள். அதன் நிறம் எதுவோ அந்த நிறத்து வீரன்தான் அன்றைக்கு உங்கள் ஆள். நடுவில் மண் களம். நிஜக் குதிரைகள், ஈட்டி, வாள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே கத்தலாம். கரண்டி, முட்கரண்டி தர மாட்டார்கள், கையால்தான் சாப்பிட வேண்டும். அவர்களுக்கு அது ஒரு சாகசம். நமக்கு அது மத்தியானச் சாப்பாடு.

தட்டில் தக்காளி சூப், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம். மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். இடைக்கால ஐரோப்பாவில் எந்த ராஜாவும் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சோழர் விருந்து என்று சொல்லி நாம் இலை போட்டாலும் மிளகாய் இருக்கத்தான் போகிறது. மிளகாய் போர்த்துகீசியர்களோடு வந்தது. ராஜராஜன் மிளகைத்தான் கடித்திருப்பான். பொய்யான பண்டம் மன்னிக்கக்கூடியது. என் கேள்வி அந்தக் கிரீடத்தைப் பற்றியது.

அதற்குக் காரணம் என் நண்பன். சென்னையில் ஈவென்ட் நடத்துகிறவன். உத்திரமேரூர் பக்கம் ஒரு தோப்பை எடுத்து, வார இறுதியில் ‘சோழர் இரவு’ நடத்தலாம் என்று ஒரு யோசனை வைத்திருக்கிறான். தீவட்டி, குதிரை, வாழையிலை, நடுவே குடவோலைத் தேர்தல். ஸ்கிரிப்ட் என் வேலை. “மச்சி, நீ அந்த ஊர்க்காரன், கல்வெட்டெல்லாம் தெரிஞ்சவன். கெஸ்ட் எல்லாருக்கும் ஒரு ஓலை குடுப்போம், பேர் எழுதட்டும், பானைக்குள்ள போடட்டும். சின்னப் பையன் ஒருத்தன் எடுப்பான். செம ஃபீல் வரும்” என்றான்.

ஃபீல் வரும், அதில் சந்தேகமில்லை. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று ஆட்களைப் பிரிப்பார்கள். கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவுக்காரர்களும் மறுபடி நிற்க முடியாது. இன்றைக்கு நினைத்தாலும் பொறாமையாக இருக்கும் விதி. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் இதற்காகத்தான்.

ஆனால் அதே சுவரில் மற்றதும் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சதுர்வேதிமங்கலத்துப் பிராமண நிலக்காரர்களின் சபை அது. ஏரியைத் தூர்வாரியவன், நாற்று நட்டவள் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. தோப்பில் வந்து இலை முன்னால் உட்காரப்போகும் நூறு பேரில் எத்தனை பேரின் முன்னோர் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்கும்? என் முன்னோர் பெயர் நிச்சயம் இல்லை. நண்பனுடையதும் இல்லை.

“அதனால என்ன, விளையாட்டுதானே?” என்றான். நியாயமான கேள்வி. அப்போது கிடைக்காத நாற்காலியில் இப்போது உட்கார்ந்து பார்ப்பது ஒரு பழிவாங்கல்கூட அல்லவா? இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கூத்து முழுக்க அதைத்தான் செய்கிறது.

காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலில் ஏர் ஓட்டியவரோ செங்கல் சூளையில் வேலை பார்த்தவரோ, ராத்திரி பத்து மணிக்கு மேல் துரியோதனன் ஆகிறார். கட்டையில் செய்த கிரீடம், புஜகட்டை, மார்புப் பதக்கம். கட்டைக்கூத்து என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகும்போது ராஜா. அவர் கொலுவீற்றிருக்கும் சிம்மாசனம் ஒரு பெஞ்சு. குதிரை கிடையாது, தேர் கிடையாது, அதெல்லாம் அடவிலும் பாட்டிலும் வந்துவிடும். (குதிரை நம் ஊரில் எப்போதுமே கடல்தாண்டி வந்த விலையுயர்ந்த சரக்கு. ஏழைக்குக் கிடைத்தது பொய்க்கால் குதிரை.)

இரண்டுமே வேஷம்தான். ஆனால் கட்டைக் கிரீடம் தலையை அழுத்துகிறது. எட்டு மணி நேரம் சுமக்க வேண்டும். சுமப்பவரோடு கூட ஒரு கட்டியங்காரன் நிற்கிறான், ராஜா ஒரு வரி பெருமையாகப் பேசினால் இவன் ஒரு வரி கிண்டலடிப்பான். உள்ளூர் ரேஷன் கடை வரைக்கும் இழுப்பான். காகிதக் கிரீடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. சுமக்காமல், கேலிக்கு ஆளாகாமல், இரண்டு மணி நேரம் உயர்குலத்தானாக இருந்துவிட்டு கார் பார்க்கிங்குக்குப் போய்விடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. மெடீவல் டைம்ஸில் எதிரி யார் என்பது நீங்கள் உட்கார்ந்த இடத்தைப் பொறுத்தது. உங்கள் நிறத்துக்குக் கைதட்டல், அடுத்த நிறத்துக்கு ஊளை. கூத்தில் விடியவிடிய துரியோதனன் பக்க நியாயத்தையும் கேட்டாக வேண்டும். படுகளத்து அன்று மைதானத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிக்கிறான், பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள். அங்கேயே உட்கார்ந்து அவனுக்கு ஒப்பாரியும் வைப்பார்கள். ஜெயித்த கட்சி, தோற்றவனுக்கு அழுகிற இடம் அது. அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் புரியவில்லை, பயமாகத்தான் இருந்தது.

இதைச் சொல்வதால் கூத்தைப் புனிதமாக்கவில்லை. எந்தத் தெருக்காரர் எங்கே உட்காரலாம் என்பது அந்த மைதானங்களிலும் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பாஞ்சாலி வேஷம் கட்டியதும் காலம்காலமாக ஆண்தான். புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002-ல் தொடங்கிய குருகுலத்தில் பெண்பிள்ளைகள் கிரீடம் கட்டி ஆடியபோதுதான் அது உடைந்தது. சுமக்கிற தோள் மாறும்போது கதையும் கொஞ்சம் மாறுகிறது.

அமெரிக்கக் கோட்டைக்குள்ளும் தோள்கள் பேசத் தொடங்கின. 2022-ல் நியூ ஜெர்சியின் லிண்ட்ஹர்ஸ்ட் கோட்டைக் கலைஞர்கள் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். 2023-ல் கலிஃபோர்னியாவின் பியூனா பார்க்கில் வீரர்களும் குதிரைப் பராமரிப்பாளர்களும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியும் பாதுகாப்பும் கேட்டார்கள். குதிரையிலிருந்து விழுந்தால் நிஜ எலும்புதானே முறிகிறது. அந்த மறியல் படங்களைப் பார்த்தபோது, அந்தக் கோட்டையில் உண்மையான இடைக்காலம் வாசலுக்கு வெளியேதான் இருந்திருக்கிறது என்று தோன்றியது.

நண்பனிடம் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன் என்றே சொன்னேன். ஒரே ஒரு மாற்றம். பானையில் எல்லாப் பெயரும் விழக் கூடாது. நுழையும்போதே சீட்டு எடுக்கட்டும். பத்துப் பேருக்குத்தான் ஓலை. மீதித் தொண்ணூறு பேருக்கு ‘உன் பெயர் குடத்தில் இல்லை’ என்ற சீட்டு. அவர்கள் இலை போட்டு, தண்ணீர் வைத்து, பரிமாறிவிட்டுப் பிறகு உட்காரட்டும்.

“காசு குடுத்தவன் பரிமாறுவானாடா?”

“ஒருமுறை கேட்டுப் பாரேன்.”

சிரித்தான். முடியாது என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றான். பிறகு பட்ஜெட்டுக்குப் போனோம். சோழ வீரர்களாக நிற்க செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு கூத்து ஜமாவைக் கூப்பிடலாம், பதினைந்து பேர், வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றான். தொகையும் மோசமில்லை. ராத்திரி அவர்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்று கேட்டேன்.

“பின்னாடி ஷெட்டுல பார்சல் குடுத்துடலாம், அதெல்லாம் பிரச்சினையில்ல.”

பட்ஜெட் தாளில் ‘இலை – 100’ என்று எழுதியிருந்தான். அதை அடித்து 115 ஆக்கினேன்.