உடலின் காலமும் கல்வியின் காலமும்

ஓசூரை அடுத்த சானமாவுப் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் எதிரே கல்லூரி, மைதானம் என்று இரண்டு வழிகள் மட்டும் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் மூன்றாவது வழி. ஐ.டி.ஐ. முடித்தால் ஷிப்ட் வேலை, கையில் சம்பளம். அதனால்தான், நன்றாக ஓடும் பிள்ளையோ கபடி ஆடும் பிள்ளையோ பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு விளையாடப் போகலாமா என்பதை நாம் வெறும் பிழைப்புக் கேள்வியாகப் பார்க்கிறோம். எனக்கு அது முதலில் அறக் கேள்வியாகப் படுகிறது. பதினேழு வயதில் ஒருவன், நாற்பது வயதில் தான் ஆகப்போகும் மனிதனின் வாழ்க்கையைப் பணயம் வைக்கலாமா? அவனுக்காகப் பெற்றோர் வைக்கலாமா?

வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. இரு பக்கத்து இழப்பும் சமமல்ல. முப்பத்தைந்து வயதில் சட்டம் படிக்கலாம். நூறு மீட்டர் ஓட்டத்தை அப்போது தொடங்க முடியாது. கல்விக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதே பொருட்பாலில் காலமறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். ‘முதலில் டிகிரி, பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதும் பிள்ளையின் சார்பில் எடுக்கும் முடிவுதான். அதைத் திருத்தவும் முடியாது. காலம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் என்பது உண்மை. கிரிக்கெட் வீரர் அஸ்வின் பொறியியல் படித்தவர். டெஸ்டில் அறிமுகமானது 2011இல், 25 வயதில். ஆனால் ஒரே ஆட்டத்திலும் காலம் நகர்ந்துவிடுகிறது. சதுரங்கத்தைப் பாருங்கள். லயோலா கல்லூரியில் பி.காம். படித்த விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு வயது 18. அதே சென்னையின் குகேஷ் 2019இல் அந்தப் பட்டத்தைப் பெற்றபோது வயது 12. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியன் ஆனபோது 18. நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்டவர் அவர். ஆனந்துக்குக் கிடைத்த அவகாசம் ஒரே தலைமுறையில் இல்லாமல் போயிற்று.

குகேஷின் பெற்றோர் இருவரும் மருத்துவத் துறையினர், பையன் தோற்றிருந்தாலும் குடும்பம் தெருவுக்கு வந்திருக்காது என்பார்கள். இது வலுவான மறுப்பு. ஷிப்ட் தொழிலாளியின் மகனுக்கு முழங்கால் தசைநார் ஒருமுறை கிழிந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அதற்குக் காப்பாகச் சொல்லப்படும் கல்லூரி உண்மையில் என்ன தருகிறது? விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும். போட்டிக்குப் போன நாட்களுக்கெல்லாம் உடற்கல்வி இயக்குநர் கையெழுத்திட்ட ஓ.டி. (ஆன் டூட்டி) கடிதம் வருகைப் பதிவேட்டை நிரப்பும். பாடம் நிரம்பாது, அரியர்தான் சேரும். மூன்றாண்டு முடிவில் கோப்பை முதல்வர் அறை அலமாரியில் இருக்கும். பிள்ளை கையில் படிப்பும் இருக்காது, வருமானமும் இருக்காது. அமெரிக்காவில் 2006 முதல், பள்ளி முடித்து ஓராண்டு ஆகாமல் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் வீரர் தேர்வுக்கு வரக்கூடாது என்று விதி வைத்தார்கள். பலர் அந்த ஓராண்டைக் கல்லூரி அணியில் ஆடிக் கழித்துவிட்டு வெளியேறினார்கள். அதைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. கல்லூரி வேலைக்காக மட்டுமல்ல, தன் திறமையைத் தாண்டியும் தான் ஒரு மனிதன் என்று உணரும் இடம் அது என்பது. இதற்கு நான் தலைவணங்குகிறேன். பத்து வயதிலிருந்து கால்களுக்காக மட்டுமே பாராட்டப்பட்ட பிள்ளை, கால் நின்ற நாளில் தான் யாரென்று தெரியாமல் தவிக்கிறான். ஆனால் அந்த உணர்வு பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில்தான் வரவேண்டும் என்பதில்லை. அதற்கான விதையைப் பள்ளியும் பயிற்சியாளரும் முன்பே போட வேண்டும். வென்றும் தோற்றும் முப்பதைக் கடந்து வகுப்பறைக்கு வருபவர் அதை இன்னும் கூர்மையாகப் பெறக்கூடும். என் நிபந்தனை இதுதான்: திரும்பி வரும் உரிமை. பதினெட்டு வயதில் அவர் விட்டுப்போன ஒதுக்கீட்டு இடம் முப்பத்தைந்திலும் அவருக்கு இருக்க வேண்டும். அவர் இளமையை வைத்துச் சம்பாதித்த அணி உரிமையாளர்கள், அந்தப் படிப்புச் செலவை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.