ஊரா, காலனியா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்து ரூம் தேடுகிறவனிடம் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது பெயரை அல்ல. "இன்னா ஊருப்பா?" பதில் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்?" அதையும் தாண்டி நின்றால் மூன்றாவதாக ஒன்று வரும்: "ஊரா, காலனியா?" இந்த மூன்று கேள்விக்கும் நடுவில் சிரித்த முகம் மாறாது. உக்காரச் சொல்லுவாங்க. சில வீட்டில் மோர்கூடக் கிடைக்கும். 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். ஆனா கேக்கறவனுக்குச் சொல்லுக்கா பஞ்சம்? 'ரோட்டுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா' என்று கேட்டால் முடிந்தது.

புதிதாய் வந்தவரை வரவேற்பது தமிழர் பண்பாடு என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தந்தார்கள். விருந்து என்ற சொல்லுக்கே புதுமை, புதிதாய் வந்தவர் என்பதுதான் பழைய பொருள். குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. சேரியிலிருந்து ஊருக்குள் போனவன் எந்தக் காலத்தில் விருந்தாளியாக இருந்தான் என்று மட்டும் எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. அவன் கூலிக்குப் போனான், பறையடிக்கப் போனான், செத்த மாட்டைத் தூக்கப் போனான். யாரை உள்ளே விடலாம் என்று பிரித்து முடித்த பிறகு, உள்ளே வந்தவனுக்குப் போட்ட சோற்றுக்குப் பெயர்தான் விருந்தோம்பல். ஸ்ரீபெரும்புதூரே ராமானுசர் பிறந்த ஊர். அவர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி, ரகசியமாய்க் கற்ற மந்திரத்தை எல்லோருக்கும் சொன்னதாகக் கதை. அந்த ஊரில்தான் என்னையும் கேட்டாங்க, ஊரா காலனியா என்று.

2009 இல் ஐடிஐ முடித்துவிட்டு ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளியாகச் சேர்ந்திருந்தேன். எங்க ஊரு உத்திரமேரூர் பக்கம். ராத்திரி ஷிப்டு முடிந்தால் ஊருக்குப் போக பஸ் கிடையாது. ரூம் தேடி மூன்று வீட்டில் உண்மையைச் சொன்னேன். மூன்று வீட்டிலும் "நேத்துதாம்பா ஆளு வந்துட்டாங்க" என்றார்கள். நாலாவது வீட்டில் "ஊருதான்" என்றேன். சாவியைக் கொடுத்தார்கள்.

அந்த ரூமில் ஏழு மாதம் இருந்தேன். வீட்டுக்காரம்மா நல்ல மனுஷி, பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாங்க. எனக்குத்தான் தொண்டைக்குள் இறங்கவில்லை. இந்தச் சோறு எனக்கு வைத்ததில்லை, நான் சொன்ன பொய்க்கு வைத்தது. அப்பாவை மட்டும் ரூமுக்கு வர வேண்டாம் என்றேன். பத்து வார்த்தை பேசினால் அவர் யாரென்று தெரிந்துவிடும் என்று பயம். அவர் அரிசி மூட்டையோடு வருவார், பஸ் ஸ்டாண்டிலேயே கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காததுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

அம்பேத்கர் கொலம்பியாவில் படித்துவிட்டு 1917 இல் பரோடா அரசு வேலைக்குப் போனபோது தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் ஒரு கூட்டம் தடியோடு வந்து வெளியேற்றியது. போக்கிடமில்லாமல் பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்ததை அவரே எழுதியிருக்கிறார். அத்தனை பெரிய படிப்புக்கே அந்தக் கதி என்றால் என் ஐடிஐ சர்டிபிகேட்டு எம்மாத்திரம்.

சங்கத் தோழர்கள் சிலர் இதற்கு ஒரு வழி சொல்வார்கள். "சாதியே கேக்காதீங்க, சொல்லாதீங்க. கேட்டுக்குள்ள வந்துட்டா எல்லாரும் தொழிலாளி." கேட்க நன்றாக இருக்கிறது. 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஓட ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பேச்சு இருக்கிறது. ஆனால் மறைக்க எதுவும் இல்லாதவனுக்குத்தான் கேட்காமல் இருப்பது சுகம். யாரும் கேட்காத இடத்தில் ஊர்க்காரன் தன் குலதெய்வக் கதையைத் தாராளமாகச் சொல்கிறான், நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். என்னை மறைத்துக்கொண்டால்தான் எனக்கு இடம் என்றால், அந்த மௌனமும் ஒரு வடிகட்டிதான்.

கேள்வியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கேள்வி என்பதுதான் விஷயம். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் செத்துட்டாங்கன்னு செய்தி பரவியது. அப்படி யாரும் சாகவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அன்றைக்குத் தெரியாது. பல ஜில்லாவிலிருந்து வந்த பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: எங்ககூட இருந்த பொண்ணுங்க எங்க? யார் வீட்டுப் பொண்ணு என்று கேட்கவில்லை. அந்த ஒரு ராத்திரி அந்த ரோடு எந்த ஊருக்கும் சொந்தமாக இல்லை.

இதையெல்லாம் எழுதுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரகடத்துக்குப் பக்கத்துக் காலனியில் பெண்ணெடுத்து அங்கேயே குடியிருக்கிறேன். மாமியார் வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்டு மூன்று ரூம் கட்டினோம். பீகார், ஒடிசாப் பையன்கள் வந்தார்கள். வெயில் காலத்தில் ஒருநாள் ஒரு பையன் காலி பாட்டிலோடு வாசலில் வந்து நின்றான். நான் சொம்பில் மொண்டுவந்து, பாட்டில் வாயில் சொம்பு படாமல் ஒரு முழம் மேலே தூக்கி ஊற்றினேன். அவன் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். 'பான் போடற வாயி, பாட்டில் சுத்தமா இருக்காது' என்று மனசுக்குள் காரணமும் வைத்திருந்தேன். பாதித் தண்ணீர் தரையில் போனது. "இன்னா மாப்பிள, எங்கப்பனுக்கு ஊருல இப்படித்தான் ஊத்துவாங்க" என்று மாமியார் திண்ணையிலிருந்து சொன்னாங்க. திட்டவில்லை, சும்மா சொன்னாங்க. என் கை மேலேயே நின்றுவிட்டது.

சாதி இந்துவிடமிருந்து நாம் வாங்கியது அடி மட்டுமில்லை, ஊற்றுகிற முறையும்தான். நம்மைவிடப் புதுசா, நம்மைவிட ஏழையா ஒருத்தன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் அது வெளியே வருகிறது.

மறுநாள் அந்தப் பையன்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டம்ளரில் தண்ணீர் கொடுத்தோம். நடுச்சுவரில் பாபாசாகேப் படம். அதைப் பார்த்ததும் கயா ஜில்லாப் பையன் எழுந்து நின்று "ஜெய்பீம்" என்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. அதற்கு மேல் பேசவும் தேவைப்படவில்லை. கூட இருந்த இன்னொருவனும் படத்தைப் பார்த்தான். டம்ளரைத் தொடவில்லை. அடுத்த நாளிலிருந்து கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வருகிறவனை நீ யார் என்று கேட்பதற்குப் பதிலாக, நான் யார் என்று முதலில் சொல்லிவிடலாம். அதில் ஆபத்து இருக்கிறது, ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனால் அந்த ஆபத்து வீட்டில் இருக்கிறவனுக்கு. ஊர் விட்டு ஊர் வந்து ராத்திரியில் மூட்டையோடு நிற்கிறவனுக்கு இல்லை. அவன் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். அதற்குள் அவனுக்கு வேண்டியது வேறு: ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும், எந்த மேஸ்திரி சம்பளத்தில் பிடிப்பான், பிஎஃப் நம்பர் கேட்டு வாங்கணும், இஎஸ்ஐ கார்டு கையில் இல்லாமல் மெஷின்கிட்ட போகக்கூடாது. எனக்கு முதல் வருஷம் இதை யாரும் சொல்லவில்லை.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது எங்கள் ரூம் பையன்கள் பையைக் கட்டிவிட்டார்கள். ஒன்றும் ஆகாது என்று சைகையில் சொன்னால் யார் நம்புவார்கள்? மாமியார் குழம்புச் சட்டியோடு அவங்க ரூமுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. இரண்டு பேர் போனார்கள், மூன்று பேர் இருந்தார்கள். கேன் தண்ணீர்க்காரனும் இருந்தான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான்.

"சாதித் திமிர் பிடிச்சவனுக்கு ரூம் குடுத்து வச்சிருக்கியே, வெட்கமா இல்ல?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கோபம். என்னிடம் முழுப் பதில் இல்லை. அவன் மற்றவர்கள் கொடுக்கிற அதே வாடகை கொடுக்கிறான். வாடகை கொடுக்க வரும்போது படத்துக்குக் கீழேதான் நிற்க வேண்டும், படத்தைக் கழற்ற மாட்டேன். போன மாதம் அவன் தினமும் மெயின் ரோடு வரைக்கும் போய்க் கேன் தூக்கி வருவதைப் பார்த்தேன். பின் தெருவில் ஒரு கடை இருக்கிறது, அங்கே ஐந்து ரூபாய் கம்மி, வீட்டுக்கே கொண்டுவந்து போடுவார்கள். கடையை நான்தான் காட்டினேன்.