கறுப்பு எண்ணெய்

மோட்டார் சைக்கிளுக்குத் தானே ஆயில் மாற்றுகிறவனின் கை அழுக்காகாமல் தப்புவது அபூர்வம். என்ஜின் அடியிலுள்ள போல்ட் கழன்றதும் சூடான எண்ணெய் பீறிட்டு விரல்களை நனைக்கிறது. மட்டம் குறையக் குறைய, தூரத்தில் விழுந்த தாரை உள்வாங்கித் தட்டுக்கு வெளியே தரையில் விழுகிறது. போல்ட் கறுப்புக்குள் மூழ்கிவிடுகிறது.

இதைத் திறமைக் குறைவு என்று மட்டும் பார்ப்பது போதாது. ஒர்க் ஷாப்பிலும் இதே எண்ணெய்தான் சிந்துகிறது, வேறொருவன் கைமேல். நம்முடைய தூய்மை அவனிடம் விலைக்கு வாங்கியது. ஆனால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழுக்காகிற கை அவனுடைய கையாகிவிடாது. கறையைப் பெருமையாக்குவதும் ஒரு பாவனையே.

1974இல் வெளிவந்த தம் மோட்டார் சைக்கிள் நூலில் ராபர்ட் பிர்ஸிக் இயந்திரத்தின்மேல் கொள்ளும் அக்கறையை ஒரு தத்துவப் பிரச்னையாக்கினார். அந்த அக்கறை என்ஜினோடு நின்றுவிடலாமா என்பதே என் கேள்வி. வடித்தது ஒரு லிட்டர்தான் இருக்கும். அது சாக்கடைக்கோ, கரையான் அரிக்காமலிருக்க மரத்தில் பூசவோ போய்விடுகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகள் அதை அபாயக் கழிவில் சேர்க்கின்றன. கேனில் அடைத்து, மறுசுத்திகரிப்புக்குச் சேகரிப்பவரிடம் கொடுக்கும்வரை, ஆயில் மாற்றி முடிந்ததாக நான் கொள்வதில்லை.