யாருக்கு எது போதும்

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் ஆண்கள் கூட்டம் மண்டபத்துக்குள் நிற்காது. வெற்றிலையை மென்றுகொண்டே வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்துவிடும். அங்கே புது வண்டி ஒன்று கண்ணில் பட்டால் போதும், விசாரணை தொடங்கிவிடும். யாராவது ஒருவர் கதவைத் திறந்து சாத்திப் பார்ப்பார். கனமாக "டொப்" என்று விழுந்தால் ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான். "டங்" என்று கேட்டால் நம்மூர்த் தகரம்.

"ஏனுங் மாமா, இந்த டப்பாவுக்குப் போயி இத்தன லட்சம் குடுத்தீங்களா?"

"மாப்ளே, உன்ற ஃபாரின் வண்டிக்கு ஒரு பம்பர் மாத்தற காசுல நான் இன்னொரு வண்டியே எடுத்துருவன். போவியா."

இருவரும் வருடக்கணக்காக இதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். இருவரிடமும் நியாயம் இருப்பதால் பேச்சு முடிவதே இல்லை. ஆனால் சாட்சியாகக் கூப்பிடப்படும் அந்தக் கதவுச் சத்தம் பொய்ச்சாட்சி. பெரிய கார் நிறுவனங்களில் கதவு எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். சுற்றிலும் வரும் ரப்பர் பீடிங், தகட்டின் உட்புறம் ஒட்டும் அதிர்வு தாங்கும் பட்டை, பூட்டு விழும் விதம் எல்லாம் சேர்ந்துதான் அந்த "டொப்". மோதலில் உயிரைக் காப்பது பில்லர், பெல்ட், ஏர்பேக் என்கிற பை. மண்டப வாசலில் நின்று அவற்றைத் தட்டிப் பார்க்க முடியாது.

இன்னொரு சிக்கல், ஃபாரின் வண்டி எது என்பதே இப்போது தெளிவாக இல்லை. கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில் வழுக்கிக்கொண்டு போகும் பி.எம்.டபிள்யூ கார்களில் பெரும்பாலானவை, 2007 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இயங்கும் ஆலையில் பூட்டப்பட்டவை. முழு வண்டியாகக் கப்பலில் இறக்கினால் சுங்கவரி விலையை எங்கோ கொண்டுபோய்விடும் என்பதால் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே சேர்க்கிறார்கள். மறுபக்கம், மறைமலை நகரில் செய்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் சில ஆண்டுகள் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. அங்கே அதை வாங்கிய அமெரிக்கருக்கு அது இறக்குமதி வண்டி. தமிழ்நாட்டிலிருந்து போன ஃபாரின் கார்! அவரும் கதவைச் சாத்திப் பார்த்திருக்கக்கூடும்.

கோவைக்காரர்களுக்கு இது புதிய செய்தியல்ல. பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் செய்யும் மீட்டர்கள் நாடெங்கும் வண்டிகளில் முள்ளசைக்கின்றன. ரூட்ஸ் ஹார்ன் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. எல்.ஜி.பி.யின் ரோலான் செயின் எத்தனையோ பைக்குகளில் ஓடுகிறது. பீளமேட்டிலும் கணபதியிலும் லேத்துப் பட்டறை வைத்திருப்பவரிடம் "இந்தப் பாகம் எந்த வண்டிக்குப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். டிராயிங் நம்பரைச் சொல்வார், வண்டியின் பெயர் பல சமயம் அவருக்கே தெரியாது. ஹார்னைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்று உள்நாட்டு வண்டியைக் கேலி செய்தார்கள் அல்லவா, அந்த ஹார்னை உலகுக்கு விற்கிற ஊர் இது.

ஆகவே செய்யத் தெரிந்த கை நம்மிடம் இருந்தது. எப்போதிலிருந்து என்று பார்த்தால் கதை நூறு ஆண்டு தாண்டிப் போகிறது. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் சர்வர் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கியதும், வாங்கியதை அக்கக்காகக் கழற்றிப் போட்டதும் இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சொல்லும் கதை. 1920-ல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். அவர் ஓட்டியதும் அந்நிய வண்டிதான். ஆனால் அதைக் கும்பிட்டு ஓரமாக நிற்காமல் கழற்றி, மாட்டி, நேரம் தவறாமல் ஓட வைத்தார். 1937-ல் அவரும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து உருவாக்கிய மின்மோட்டார்தான் இந்தியாவின் முதல் உள்நாட்டு மோட்டார் என்று இந்த ஊர் பெருமை கொள்கிறது. 1952-ல் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்று இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றைச் செய்து காட்டினார், அரசு உரிமம் தராததால் அது நின்றுபோனது என்றும் சொல்வார்கள். அந்த வண்டி ரோட்டில் தாங்கியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தாங்குமா தாங்காதா என்று ரோடு சொல்லியிருக்க வேண்டும். ரோட்டுக்கு முன்னால் காகிதம் சொல்லிவிட்டது.

அதன்பின் வந்த முப்பது வருடங்களைத்தான் "உள்நாட்டு வண்டி" என்ற பேச்சு இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. 1950-களின் கொள்கையில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. மிஞ்சியவை அம்பாசடர், ஃபியட், வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே வெளிநாட்டு வடிவங்கள். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டாக இங்கிலாந்தில் பிறந்த வண்டி 1957-ல் இங்கே அம்பாசடர் ஆனது. அங்கே அந்த மாடலை எப்போதோ மறந்துவிட்டார்கள். இங்கே முகப்பை மாற்றி, விளக்கை மாற்றி, 2014 வரை செய்தார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வண்டி எடுத்தவர், டிக்கி மூடவில்லை என்று சண்டைக்குப் போவாரா? வண்டி வந்ததே பெரிது என்று தேங்காய் உடைத்து, மீதி வேலையை மெக்கானிக்கிடம் பார்த்துக்கொண்டார். உள்நாட்டில் செய்ததால் அந்த வண்டிகள் மட்டமாகிவிடவில்லை. திருப்பிக் கொடுக்க வழியே இல்லாத மனிதருக்காகச் செய்யப்பட்டதால் அப்படியே நின்றுபோயின.

இதே ஊரில் இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கோவை எஸ். கரிவரதன் அந்தக் குடும்பக் காரின் எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காராக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். பந்தயக் கார் என்றால் இறக்குமதி செய்தாக வேண்டும், அதற்குச் சீமான் வீட்டில் பிறந்திருக்க வேண்டும் என்று இருந்த காலம் அது. அவர் காட்டிய வழியில் இளைஞர் பட்டாளமே பந்தயத்துக்கு வந்தது. அந்த வண்டியில் ஓடத் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். செட்டிபாளையத்துப் பந்தயத் தளத்துக்குக் கரிவரதனின் பெயர்தான். சந்தைக்குக் காய் வாங்கப் போகும் எஞ்சின், நொடியில் பத்தில் ஒரு பங்கைக் கேட்கும் ஆள் கையில் சிக்கியதும் வேறு வேலை செய்தது.

கேட்கிற ஆள் மாறினால் செய்கிற கை மாறும். பட்டறைக்குள் போனால் இது பச்சையாகவே தெரியும். ஒரே மெஷின், ஒரே ஆள், ஒரே இரும்பு. எக்ஸ்போர்ட் ஆர்டர் என்றால் ஒவ்வொரு பீஸும் கேஜில் நுழைந்து வெளியே வரும், நூலளவு பிசகினாலும் தனி டப்பாவுக்குப் போகும். ரீப்ளேஸ்மென்ட் மார்க்கெட்டுக்கு என்றால் நாலுக்கு ஒன்று பார்த்தால் போதும் என்கிற பட்டறைகள் இருக்கத்தான் செய்கின்றன. தனி டப்பாவுக்குப் போனது தானாக நடந்து உள்ளூர்க் கடைக்குப் போய்ச் சேரும் மாயமும் நடப்பதுண்டு. பக்கத்துத் திருப்பூரில் இதற்கு ஒரு தெருவே இருக்கிறது. காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சியதையும் கழித்ததையும் வாங்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நாமே நெய்து, நாமே தைத்து, நமக்கு வருவது மிச்சம். அதை லாபம் என்று சந்தோஷமாகச் சுமந்து போகிறோம்.

காரிலும் அதுதான் நடந்தது என்பதை 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு கண்ணாடி போலக் காட்டியது. இந்தியாவில் விற்கும் ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோத விட்டார்கள். மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் சைபர் நட்சத்திரம். மண்டப வாசலில் "டொப்" என்று விழுந்த ஜெர்மன் கதவுக்கும் சைபர், "டங்" என்ற நானோவுக்கும் சைபர். எல்லாமே ஒன்று என்று சொல்ல வரவில்லை. போலோவின், ஃபிகோவின் கூடு மோதலில் நிலைத்து நின்றது, மற்ற மூன்றும் அங்கேயே தோற்றன. ஆனால் சோதித்த போலோவில் ஏர்பேக் இல்லை. ஐரோப்பாவில் பையில்லாமல் அந்த வண்டியை விற்க நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். செய்தி வெளியானதும் நிறுவனம் பையில்லாத வகையை நிறுத்திக்கொண்டது. இரண்டு பை வைத்த அதே போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. பையை மாட்டத் தெரியாமல் இருந்ததா என்ன? இந்தத் தலைக்கு இது போதும் என்று யாரோ ஒரு மேசையில் முடிவு செய்திருக்கிறார்கள்.

அந்த மேசைக்கு நாமும் போய் உட்கார்ந்திருக்கிறோம். ஷோரூமில் நம் முதல் கேள்வி மைலேஜ். இரண்டாவது, கையில் எவ்வளவு குறைப்பீங்க. ஏர்பேக் உள்ள மாடலுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும் என்றால் "அதெல்லாம் எதுக்குங்க, நம்ம என்ன ரேஸா போறோம்" என்று சொல்லி, அந்தக் காசில் சீட் கவரும் அலாய் வீலும் போட்டுக்கொண்ட வீடுகள் எத்தனை. 2019 ஜூலையில் ஓட்டுநர் பக்கம் பை கட்டாயம் என்று சட்டம் சொன்ன பிறகே பலர் வீட்டுக்கு அது வந்தது. வெளிநாட்டுக்காரன் தரமான ஆள், நாம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளும் ஆள் என்ற எண்ணம் நமக்குள்ளேயே இருக்கும்போது விற்பவன் எதற்காக மறுத்துப் பேச வேண்டும்? உள்நாட்டுப் பொருள் மட்டம் என்ற பேச்சை உரித்துக்கொண்டே போனால் அடியில் கிடப்பது இதுதான்: உள்நாட்டு மனிதன் மட்டம் என்ற ஒப்புதல்.

இந்த ஒப்புதலைத் தராத இடங்களில் கொங்கு நாட்டுச் சரக்கை யாரும் மட்டம் என்று சொல்லிப் பார்த்ததில்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டுகிறார்கள். ஒரு காலத்தில் அந்த எந்திரமே வெளிநாட்டுச் சமாச்சாரம். இன்று இங்கே கட்டிய ரிக்குகள் வடநாடு முழுக்கச் சுற்றுகின்றன, ஆப்பிரிக்கா வரை போகின்றன. வாங்குபவர் கடன் வாங்கி வாங்குகிறார், மாதக்கணக்கில் வண்டியோடு போகிறார், கருங்கல்லில் துளை போடுகிறார். வண்டி ஒரு நாள் நின்றால் வட்டி நிற்காது. ஏதாவது பழுதானால் நேராகப் பட்டறைக்கு வந்து கத்துவார். கட்டியவரும் வாங்கியவரும் பல சமயம் சொந்தக்காரர்கள், அடுத்த விசேஷத்தில் முகத்தில் விழிக்க வேண்டும். நாமக்கல் லாரி பாடியும் கரூர் பஸ் பாடியும் கோவைப் பம்பும் இப்படித்தான் தேறின. பம்பு ஓடவில்லை என்றால் தோட்டத்துக்காரர் கயிறு கட்டி இறக்கிய பம்பைக் கிணற்றிலிருந்து தூக்கி, வண்டியில் போட்டுக்கொண்டு வந்து கம்பெனி வாசலிலேயே இறக்கிவிடுவார். இதைவிடக் கறாரான தரப்பரிசோதனைக் கூடம் ஜெர்மனியிலும் இருக்குமா என்று தெரியவில்லை.

காரிலும் காற்று திரும்பத்தான் செய்கிறது. 2018 டிசம்பரில் அதே குளோபல் என்கேப் சோதனையில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, ஒரு இந்தியக் கார் அதை வாங்கியது அதுவே முதல் முறை. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்று நமக்கே ஒரு மோதல் சோதனை வந்தது. இப்போது கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளைகள் மாமாக்களிடம் "எத்தன ஸ்டாருங்?" என்று கேட்கிறார்கள். கதவைச் சாத்திப் பார்த்த தலைமுறைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, பையன் போனில் தேடிக் காட்டுகிறான்.

அதே மாப்பிள்ளை வண்டி எடுத்த வாரத்தில் ஆக்சசரீஸ் கடைக்குப் போகிறார். தரை மேட், கண்ணாடிக்கு ஃபிலிம், ஒரு பிள்ளையார். பெல்ட் போடாவிட்டால் கீங் கீங் என்று கத்துகிறதே, அதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்கிறார். பெல்ட் மாட்டும் துளையில் சொருகி அலாரத்தை வாயடைக்கும் சின்ன இரும்பு கிளிப் இருக்கிறது. 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு இதை நீக்கச் சொல்லி உத்தரவே போட்டது. கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே கைவிட்டு ஒன்றை எடுத்து வைக்கிறார். "எல்லா வண்டிக்கும் செட் ஆகுமுங்க," என்கிறார், "நம்மூரு வண்டி, ஃபாரின் வண்டி, எதுனாலும்."