சேதாரம்

மார்கழி. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. எழுந்து தரையில் கால் வைத்ததும் அம்மா "ஸ்ஸ்" என்கிறாள். நானே ஒட்டிய டைல்ஸ். சித்திரையில் இதே தரையில்தான் பாய்கூட இல்லாமல் படுத்துக்கொள்வாள். கட்டிலிலிருந்து சமையலறை வரை கோணிச்சாக்கு விரித்து வைத்திருக்கிறேன். மாரண்டஹள்ளிக் குளிருக்கு அது போதும்.

டொராண்டோவிலிருந்து அக்கா மகன் நேற்று ராத்திரி கூப்பிட்டான். "மாமா, பாத்ரூம் டைல்ஸுக்கு அடியில ஹீட்டர் கம்பி போடப்போறேன். எவ்வளவு வாங்கணும், நீயே சொல்லு." டைல்ஸ் மேஸ்திரி மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கை. கம்பிக்காரன் புத்தகத்தை அனுப்பச் சொன்னேன். படித்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்தேன்.

அறை 8 அடிக்கு 6. மொத்தம் 48 சதுர அடி. குளியல் தொட்டி 5 அடிக்கு இரண்டரை, பன்னிரண்டரை போயிற்று. டைல்ஸ் கணக்கு சுலபம்: மீதி முப்பத்தைந்தரை, சேதாரம் பத்து சதவீதம், 39 சதுர அடி வாங்கு. இதைத் தூக்கத்திலும் சொல்வேன். மூலைக்கு வெட்டும்போது ஒன்று உடையும், வருகிற பெட்டியில் ஒன்று விரிசலாக இருக்கும். கூட நாலு இருந்தால்தான் மேஸ்திரிக்குக் கை நடுங்காது.

கம்பியை அப்படி வாங்கக் கூடாதாம்.

முகம் கழுவும் மேடைக்கு அடியில் போடக்கூடாது. மேலே மூடியிருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் கம்பி கெட்டுவிடும். அதற்கு 6 கழித்தேன். க்ளோசெட்டுக்கு அடியில் மெழுகு வளையம் இருக்கிறது, உருகிவிடும். அதைச் சுற்றி அரையடி விட வேண்டும். சுவரோரமும் கொஞ்சம். கடைசியில் நின்றது 25. சதுர அடிக்கு 12 வாட் என்றால் 300 வாட்.

"25 கிடைக்கலன்னா 24 வாங்கு மாப்ளே. 26 வேண்டாம்."

"மிஞ்சினா வெட்டிக்கலாமே மாமா?"

அதுதான் முடியாது. கம்பியைப் பிடித்திருக்கும் வலையை வெட்டித் திருப்பலாம், கம்பியில் கத்தி படக்கூடாது. பாதியாக வெட்டினால் மின்தடை பாதியாகும், கரண்ட் இரண்டு மடங்கு பாயும், ஒவ்வொரு அடியும் நாலு மடங்கு சுடும். மிஞ்சினதைச் சுருட்டி ஒரு மூலையில் புதைக்கவும் வழியில்லை. இத்தனை வருஷம் 'கொஞ்சம் கூடவே எடு' என்று சொல்லிப் பழகிய வாய் இது. 'குறைத்து எடு' என்று சொன்னபோது எனக்கே வேறு ஆள் பேசுவதுபோல் இருந்தது.

கொரியாவில் அந்தக் காலத்திலேயே அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கினார்களாம். ஓண்டோல் என்று பெயர். அதில் சதுர அடிக் கணக்கு இருந்திருக்குமா? என் பாட்டி மழைக்காலத்தில் அடுப்படிச் சுவரோரம்தான் படுப்பாள். அவள் யாரிடமும் அளவு கேட்கவில்லை.

இன்னொன்றும் மனதில் நிற்கிறது. கம்பியின் ஓம் அளவை மூன்று முறை பார்க்க வேண்டும்: பெட்டியைப் பிரித்ததும், தரையில் விரித்ததும், டைல்ஸ் ஒட்டியபின். கரணையின் முனை எங்கே கீறியது என்று கண்ணுக்குத் தெரியாது, மீட்டருக்குத் தெரியும். அங்கே 120 வோல்ட். 300 வாட்டுக்கு 48 ஓம் வர வேண்டும். அறையும் 48. தற்செயல்தான், ஆனாலும் நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்தேன்.

விடிந்தபோது போட்டோ வந்திருந்தது. கம்பி வளைந்து வளைந்து படுத்திருக்கிறது, மூன்று அங்குல இடைவெளி. உழவு சால் மாதிரி. பக்கத்தில் மீட்டர்: 47.6. பரவாயில்லை, சரிதான். ஒட்டியவுடன் ஸ்விட்ச் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும், பசை முழுசாக இறுகும்வரை தொடாதே என்று பதில் போட்டேன்.

அம்மாவின் சாக்கு ஓரம் பிரிந்துவிட்டது. சந்தையில் வேறு வாங்க வேண்டும்.